சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஒரு நாளின் வரலாறு: ஏப்ரல் 1-ஐ முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

நாளிதழின் மூலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு கட்டம் வரும். இன்னார் பிறந்தார், இன்ன போர் முடிந்தது, இன்ன சட்டம் அமலுக்கு வந்தது என்று ஐந்தாறு வரி இருக்கும். படித்துவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுவோம். அந்த ஐந்தாறு வரியும் ஒரே கணக்கில் எண்ணப்பட்டவையா என்று யாரும் கேட்பதில்லை. பிறந்த நாளை ஜாதகக்காரர் எண்ணினார், போர் முடிந்த நாளைப் படைமுகாமின் எழுத்தர் எண்ணினார், சட்டம் அமலான நாளைக் கருவூலம் எண்ணியது. மூன்றையும் ஒரே ஆங்கிலத் தேதியின் கீழ் அடுக்கும்போது ஏதோ ஒன்று இடம் பெயர்கிறது.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட வட்டாரம் சித்தூரும் திருப்பதியும். காரணம் எளிது. தெலுங்கர் சாந்திரமான மாதம் பார்ப்பார்கள், தமிழர் சௌரமான மாதம் பார்ப்பார்கள். ஆர்க்காட்டு நவாபும் ஐதர் அலியும் ஹிஜிரி ஆண்டு வைத்திருந்தார்கள். கும்பினியார் இங்கிலீஷ் தேதி போட்டார்கள். இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண் இது. போதாததற்கு, நாள் மட்டுமல்லாமல் மாவட்டமும் இங்கே நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஏப்ரல் 1-ஐ நடுவில் நிறுத்தி, அதற்கு இருபுறமும் உள்ள நாட்களை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். ‘வரலாற்றில் இன்று’ என்பதை நிகழ்ச்சிகளின் பட்டியலாகப் படிப்பதைவிட, யார் கணக்கு வென்றது என்பதன் பதிவேடாகப் படித்தால் கிடைப்பது அதிகம் என்பதே இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

2. ஏப்ரல் 1: கருவூலம் குறித்த நாள்

சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1, சனிக்கிழமை. அதுவரை சித்தூர் ஊர்தான் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடம். அந்த ஜில்லாவிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமநேர், திருத்தணி முதலிய பகுதிகளையும், கடப்பை ஜில்லாவிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளையும் சேர்த்துப் புதிய மாவட்டத்தை அமைத்தார்கள். எஞ்சிய வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைமையிடம் ஆனது.

1960 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை, அதே மாவட்டம் ஒரு துண்டை இழந்தது, இன்னொரு துண்டைப் பெற்றது. எச்.வி. படாஸ்கர் நடுவராக இருந்து சொன்ன தீர்ப்பின் அடிப்படையில் 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் அன்று நடப்புக்கு வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதிக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போய், சத்தியவேடு வட்டமாகச் சித்தூரோடு இணைந்தன.

பிறப்பும் பிரிவும் ஒரே தேதியில் அமைந்ததைத் தற்செயல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஏப்ரல் 1 பட்டியலைச் சற்று அகலப்படுத்திப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இந்திய ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935 ஏப்ரல் 1. ஒரிசா மாகாணம் பிரிந்தது 1936 ஏப்ரல் 1. சென்னை மாகாணத்தின் கஞ்சம் பகுதியும் அன்று கைமாறியது. பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டதும் மாகாணத் தன்னாட்சி வந்ததும் 1937 ஏப்ரல் 1. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. இத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒரே காரணம்: 1867 முதல் இந்திய அரசின் நிதியாண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. அதற்கு முன் அது மே 1-இல் தொடங்கியது. மாவட்டத்தைப் பிரித்தால் சம்பளப் பட்டியலைப் பிரிக்க வேண்டும், வரவு செலவுத் தலைப்புகளைப் பிரிக்க வேண்டும், கிளைக் கருவூலத்தின் இருப்பைக் கைமாற்ற வேண்டும். மார்ச் 31 இரவு கணக்கை மூடிவிட்டு மறுநாள் புதுப் பேரேட்டில் எழுதுவது எழுத்தருக்குச் சுலபம். திருத்தணி தமிழகத்துக்கு வந்த நாளைத் தீர்மானித்ததில் எல்லைப் போராட்டத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு பேரேட்டுக்கும் உண்டு என்று துணிந்து சொல்லலாம். போராட்டம் ‘கிடைக்குமா’ என்பதை முடிவு செய்தது. ‘என்றைக்கு’ என்பதைப் பேரேடு முடிவு செய்தது.

ஆந்திர மாநிலம் சென்னையிலிருந்து பிரிந்த 1953 அக்டோபர் 1-உம் இந்த வழக்கத்துக்கு வெளியே இல்லை. நிதியாண்டின் சரிபாதி அது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்விட்டது 1952 டிசம்பர் 15. அந்த இரவு எந்தக் கணக்கிலும் அடங்காதது. அதன் விளைவாகப் பிறந்த மாநிலமோ அரையாண்டுக் கணக்கு தொடங்கும் நாளுக்குக் காத்திருந்தது.

ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். வேங்கடமே தமிழ்நாட்டின் வட எல்லை என்ற பழைய மரபை முன்னிறுத்தி அவர்கள் கேட்டது திருப்பதியையும் சேர்த்து. கிடைத்தது திருத்தணி. நவம்பர் 1 வந்தால் எல்லைப் போராட்டத்தை நினைவுகூர்வது இன்று தமிழகத்தில் வழக்கமாகிவிட்டது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த நாள் என்பதால் அதில் பொருத்தம் உண்டு. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. அந்த ஊருக்கு உரிய நாள் ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம் என்ற கேலிக்குப் பயந்தோ என்னவோ, அதை எடுத்துக் கொண்டாட ஆளில்லை.

3. ஆனி கடைசி: கோயில் குறித்த நாள்

கருவூலத்துக்கு ஒரு புத்தாண்டு இருப்பதுபோல் திருமலைக் கோயிலுக்கும் ஒன்று இருந்தது. ஆனிவார ஆஸ்தானம் என்பது அதன் பெயர். பெயரிலேயே தமிழ் மாதம் இருக்கிறது. ஆனி முடிந்து ஆடி பிறக்கும் வேளையில், ஜூலை 16 அல்லது 17 வாக்கில், தட்சிணாயனத் தொடக்கத்தில் அது நடக்கும். மலையப்ப சுவாமி தேவியரோடு பங்காரு வாகிலியில் எழுந்தருள்வார். சேனை முதலியாரான விஷ்வக்சேனரும் உடன் இருப்பார். பெரிய ஜீயர் பட்டு வஸ்திரங்களை ஊர்வலமாகக் கொண்டுவருவார். பிறகு கோயில் சாவிக்கொத்தை ஜீயர்களிடமும் நிர்வாக அதிகாரியிடமும் முறையாகக் கொடுத்து, திரும்ப வாங்கி மூலவர் திருவடியில் வைப்பார்கள். ஓராண்டுப் பொறுப்பைச் சாவியோடு ஒப்படைத்து, சாவியோடு மறுபடி பெற்றுக்கொள்வது இதன் உட்பொருள்.

மகந்துகள் கோயிலை நிர்வகித்த காலத்தில் (1843இல் ஹாதிராம்ஜி மடத்தின் பொறுப்புக்கு வந்த கோயில், 1932ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்துத்தான் தேவஸ்தானக் குழுவின் கைக்கு மாறியது) வரவு செலவுக் கணக்கு இந்த நாளில்தான் தொடங்கியது. குழு வந்தபின் கணக்காண்டு மார்ச், ஏப்ரலுக்கு நகர்ந்தது. விழா மட்டும் ஆனியிலேயே நின்றுவிட்டது. ஆக, இன்று அது பட்ஜெட் இல்லாத ஒரு பட்ஜெட் நாள்.

மகந்துகள் ஏன் ஆனி கடைசியைப் பிடித்துக்கொண்டார்கள்? அயனம் மாறும் நாள் என்பது சாஸ்திரக் காரணம். அதற்கு இணையாக இன்னொன்றும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சென்னை மாகாணத்தின் நிலவரி ஆண்டான பசலி தொடக்கத்தில் ஆடி முதல் நாளை ஒட்டியே பிறந்தது. 1855 முதல்தான் அதை ஜூலை 1 என்று நிலைநிறுத்தினார்கள். கோயிலுக்குக் கிராமங்களும் நிலங்களும் வருமானம் தந்துவந்த காலத்தில், ரயத்தின் கணக்கும் கர்ணத்தின் கணக்கும் முடிகிற வேளையில் கோயில் கணக்கும் முடிவது இயல்பு. கிராம நிர்வாக அலுவலர்கள் இன்றும் பசலி எண் போட்டுத்தான் அடங்கல் எழுதுகிறார்கள். ஜமாபந்தியும் பசலி முடிகிற காலத்தில்தான் நடக்கிறது. அரசு ஏப்ரலுக்குப் போனாலும் நிலம் ஜூலையிலேயே இருக்கிறது.

திருமலையில் ஆண்டுக் கணக்குக்கு ஆனிவாரம் போல, நாள் கணக்குக்குத் தினமும் ஒரு சடங்கு உண்டு. காலையில் தோமாலை சேவை முடிந்ததும் ‘கொலுவு’ நடக்கும். கொலுவு சீனிவாசரை எழுந்தருளச் செய்து, அர்ச்சகர் பஞ்சாங்கம் படிப்பார்: அன்றைய திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம். அன்றைக்கு என்ன உற்சவம் என்பதையும் சொல்வார். பிறகு முந்தின நாள் உண்டியல் வரவையும் அன்னதானத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர்களையும் படித்துக் காட்டுவார்கள். கடைசியில் எள்ளும் வெல்லமும் நைவேத்தியம். கேட்கிறவர் ஒருவர்தான் என்றாலும், ‘இன்று என்ன நாள்’ என்ற அறிவிப்பு இவ்வளவு ஒழுங்காக வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை. அதில் ஏப்ரல் 1 என்ற சொல்லுக்கு இடமே கிடையாது.

தெலுங்கு மாதமும் தமிழ் மாதமும் இந்தக் கோயிலில் எப்படி ஒத்துப்போகின்றன என்பதற்குப் பிரம்மோற்சவம் நல்ல சான்று. கன்னி மாதமாகிய புரட்டாசியும் பெருமாளுக்குரிய திருவோண நட்சத்திரமும் சேர்ந்த தீர்த்தவாரியோடு அது நிறைவுறும் என்பது மரபு. சாந்திரமானத்தில் அதிக மாதம் விழும் ஆண்டுகளில் இரண்டு பிரம்மோற்சவங்கள் நடக்கும். 2020, 2023 ஆகியவை அப்படிப்பட்ட ஆண்டுகள். தமிழ்நாட்டிலிருந்து புரட்டாசிச் சனிக்கிழமைக்கு மலையேறுகிற கூட்டத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கியூவில் நிற்கத் தெரிந்தால் போதும்.

4. கல்லில் பொறித்த நாள்

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை தமிழ். தேவஸ்தானம் சாது சுப்பிரமணிய சாஸ்திரியைக் கொண்டு 1930களில் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. விஜயநகர காலத்துக் கல்வெட்டு ஒன்றை எடுத்தால் நாளைக் குறிக்கும் முறை இப்படி இருக்கும்: சக ஆண்டு எண், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டின் பெயர், சூரியன் நின்ற ராசி, வளர்பிறையா தேய்பிறையா, திதி, கிழமை, நட்சத்திரம். ஒன்று பிழையாக இருந்தால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப் பார்த்தால் நாம் எழுதும் வெறும் எண் தேதிக்குத் தற்காப்பே இல்லை.

கிருஷ்ணதேவராயர் முதன்முதலாகத் திருமலைக்கு வந்தது 1513 பிப்ரவரி 10 என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் அன்று வியாழக்கிழமை, வளர்பிறை, அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள் வாக்கில். சூரியன் கும்பத்தில். அதாவது மாசி பாதி. இன்றைய நாட்காட்டியில் பிப்ரவரி 10 தை மாதக் கடைசியில் விழுகிறது. ஏன் இந்த வேறுபாடு? நூல்கள் தரும் தேதி பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. போப் கிரகோரி 1582இல் திருத்திய முறைக்கு மாற்றினால் அது பிப்ரவரி 20 ஆகும். எஞ்சியதை அயன நகர்வு தின்றுவிட்டது. பிப்ரவரி 10 காலையில் ‘இதே நாளில் ராயர் திருமலையில் நின்றார்’ என்று யாராவது எழுதினால், எண்தான் அதே எண். வானம் வேறு.

சென்னைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆகஸ்ட் 22 என்று கொண்டாடப்படும் சென்னை தினத்துக்கு அடிப்படை, சந்திரகிரி அரசருக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல நாயக்கர் 1639இல் கும்பினிக்குக் கொடுத்த மானியம். பத்திரப் படிகளில் ஜூலை 22 என்றும் இருக்கிறது. கும்பினி முகவர் பிரான்சிஸ் டே அந்தத் தேதிக்கு இன்னும் வந்து சேரவே இல்லை என்பதால் அறிஞர்கள் ஆகஸ்டைத் தேர்ந்தார்கள். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்ததையும் சேர்த்தால் இன்றைய கணக்கில் செப்டம்பர் 1. விழாவுக்கு ஒரு நாள் வேண்டும். ஆகஸ்ட் 22 போதும்.

இன்னும் பழையது சாமவை என்ற பல்லவப் பெண்ணரசி போக சீனிவாசரின் வெள்ளித் திருமேனியை அளித்த கல்வெட்டு. அதில் அரசனின் ஆட்சியாண்டு மட்டுமே உண்டு. அதைப் பொ.ஆ. 614 என்பாரும் 966 என்பாரும் இருக்கிறார்கள். நாளை விடுங்கள், மூன்றரை நூற்றாண்டே வழக்கில் இருக்கிறது.

5. பிறந்தநாட்கள்

ஏப்ரல் 1 அன்று பிறந்தவர்களின் உலகப் பட்டியலில் பிஸ்மார்க் (1815) உண்டு, நம் கிரிக்கெட் தலைவர் அஜித் வடேகர் (1941) உண்டு. கோகோல் (1809) அங்கே ஏறியது நாட்காட்டி மாற்றத்தால். ருஷ்யாவில் அன்று மார்ச் 20. வெளியூர்ப் பெயர்களை அதோடு விட்டுவிடலாம். இந்த வட்டாரத்தில் பிறந்த இருவரும், பக்கத்து மாவட்டத்தில் பிறந்து திருமலைக்கு உரியவராகிவிட்ட ஒருவரும் நமக்கு அதிகம் கற்பிப்பார்கள்.

ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி மதனப்பள்ளியில் 1895 மே மாதம் பிறந்தார். 11 என்று சிலர், 12 என்று சிலர். இரண்டும் சரி. தாய் சஞ்சீவம்மா வீட்டுப் பூஜை அறையில் அவரைப் பெற்றெடுத்தபோது மணி நள்ளிரவு பன்னிரண்டரை. கடிகாரப்படி 12ஆம் தேதி பிறந்து அரை மணி ஆகியிருந்தது. ஆனால் ஜாதகம் கணிப்பவருக்கு அடுத்த நாள் விடியலில்தான் பிறக்கும்; ஆகவே 11. எட்டாவது பிள்ளை என்பதால் கண்ணன் பெயரை வைத்தார்கள். தந்தை நாராயணய்யா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். அலுவலகத்தில் நள்ளிரவில் மாறும் நாளையும் வீட்டில் விடியலில் மாறும் நாளையும் அவர் ஒரே தலையில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பார். நம் வீடுகளில் இன்றும் அப்படித்தானே.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் விஷயம் வேறு. 1888 செப்டம்பர் 5 என்பது ஆவணத் தேதி. 1962 முதல் நாடு முழுதும் ஆசிரியர் தினம் அதன்மேல் நிற்கிறது. அவர் தாமே உண்மைத் தேதி 1887 செப்டம்பர் 20 என்று நம்பினார் என்பதை மகன் எஸ். கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. ஓராண்டுக்கும் மேல் இடைவெளி. இப்படி நேர்வது அக்காலத்தில் அபூர்வமல்ல. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வயது கேட்பார். தகப்பனார் ‘பெருமழை பெய்த வருஷம்’ என்பார், அல்லது நட்சத்திரம் சொல்வார். வாத்தியார் சேர்க்கைக்குத் தோதாக ஒரு தேதி போட்டுக்கொள்வார். அந்தத் தேதி பதிவேட்டில் ஏறி, டி.சி.யில் இறங்கி, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உறுதிப்பட்டு, ஓய்வூதிய உத்தரவு வரை கூடவே வரும். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஒரு தலைமுறையில் அத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் பிரசவ அறையில் இல்லை. பள்ளி திறக்கும் தேதியில் இருக்கிறது. ராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை படித்தது திருப்பதியில், ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில். அவருடைய தேதி எங்கே, யாரால் மாறியது என்று ஊகிக்க வேண்டியதில்லை. மாணவர்களும் நண்பர்களும் கொண்டாடியது ஆவணத் தேதியைத்தான், அவர் அதற்கு இசைந்தார் என்பதே வரலாறு.

தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் பிறந்தநாள் பின்னிருந்து முன்னே எண்ணப்பட்டது. அவருடைய கீர்த்தனைகளைப் பொறித்த செப்பேடுகள் திருமலையில் ஓர் அறையில் பல நூற்றாண்டு கிடந்தன. அவற்றில் ஒன்று அவர் பாடத் தொடங்கியது சக ஆண்டு 1346, குரோதி என்றும், மறைந்தது துந்துபி ஆண்டு பங்குனித் தேய்பிறைத் துவாதசி என்றும் சொல்கிறது. மறைந்த நாள் 1503 பிப்ரவரி 23 என்று கணக்காகிறது. பதினாறு வயதில் இறைக்காட்சி பெற்றுப் பாடத் தொடங்கினார் என்பதால், 1424இலிருந்து பதினாறைக் கழித்து 1408. அந்த ஆண்டின் வைகாசிப் பௌர்ணமி, விசாகம், மே 9. செப்பேட்டின் 1424-ஐயே பிறந்த ஆண்டாகக் கொள்வோரும் உண்டு. ஆக, இறந்த நாள் செம்பில் இருக்கிறது, பிறந்த நாள் கழித்தலில் இருக்கிறது. தேவஸ்தானம் இரண்டையும் கொண்டாடுகிறது, ஆனால் திதிப்படி. ஆகவே மே 9 என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருப்பவருக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் விழா தப்பிவிடும்.

மற்றவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880 டிசம்பர் 10 அன்று பிறந்தவர். மக்களவையின் இரண்டாவது சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார் திருச்சானூரில் 1891 பிப்ரவரி 4 அன்று. சங்கீத வித்வான் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை புங்கனூரில் 1898 ஜூன் 22 அன்று. நடிகர் சித்தூர் வி. நாகய்யாவைச் சித்தூர்க்காரர் பட்டியலில் சேர்ப்பவர்கள் கவனிக்க: அவர் பிறந்தது குண்டூர்ப் பக்கத்து ரேபல்லே, 1904 மார்ச் 28. சித்தூர் அவருக்குக் கொடுத்தது மேடையும் முன்னொட்டும்.

6. மறைக்கப்பட்ட நாள்

1782 டிசம்பரில், இரண்டாம் மைசூர்ப் போரின் நடுவே, சித்தூருக்கு அருகே நரசிங்கராயனிப்பேட்டை முகாமில் ஐதர் அலி முதுகில் ராஜபிளவை கண்டு இறந்தார். தேதி 6 என்று சில நூல்கள், 7 என்று சில நூல்கள். இங்கேயும் காரணம் நாள் எப்போது பிறக்கிறது என்பதில்தான். முஹர்ரம் மாதப் பிறப்பை ஒட்டி அவர் மறைந்ததாக மைசூர் வழிச் செய்தி. ஹிஜிரி 1197 முஹர்ரம் முதல் நாள் கணக்குப்படி டிசம்பர் 7. ஆனால் இஸ்லாமிய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுவதால், 6ஆம் தேதி மாலையே முஹர்ரம் 1 ஆகிவிடுகிறது. அந்த இரவில் நடந்ததை ஆங்கிலேயர் ஒரு தேதியிலும் மைசூர்க்காரர் இன்னொரு தேதியிலும் எழுதிக்கொள்ள இடமிருக்கிறது. பிறை தெரிவதில் ஒரு நாள் முன்பின் ஆவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐதரின் மகன் திப்பு அப்போது மலபார்க் கரையில் இருந்தார். செய்தி வெளியே போனால் படை கலையும், ஆங்கிலேயர் பாய்வார்கள். பூர்ணய்யா முதலான அமைச்சர்கள் சாவை மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, கருவூலப் பொருள் போவதுபோல் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். முகாமில் வழக்கமான அலுவல்கள் நடந்தன. திப்பு வந்து சேரும்வரை ஐதர் ஆவணத்தில் உயிரோடு இருந்தார். வரலாற்றில் இன்று பகுதிக்கு எழுதுபவர் இதை எந்த நாளின் கீழ்ப் போடுவது? இறந்த நாளா, தெரிந்த நாளா? போரின் போக்கை மாற்றியது இரண்டாவது.

7. நகரும் இடம்

நாளைப் போலவே இடமும் நிலையாக இல்லை. ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர், 1960இல் செங்கற்பட்டு, 1997இல் திருவள்ளூர். மனிதர் ஓரிடத்தில் பிறந்தார், பிறந்த மாவட்டம் நான்கு. ஆந்திரத்தார் அவரைத் தங்களவர் என்பதும் தமிழகத்தார் தங்களவர் என்பதும் எந்த ஆண்டின் வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிருஷ்ணமூர்த்தியைச் ‘சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் பிறந்தவர்’ என்று எழுதாத நூல் குறைவு. அவர் பிறந்த 1895இல் சித்தூர் மாவட்டமே கிடையாது. மதனப்பள்ளி கடப்பையில் இருந்தது.

2022 ஏப்ரல் 4, திங்கட்கிழமை, ஆந்திரத்தில் புதிய மாவட்டங்கள் வந்தன. திருப்பதி தனி மாவட்டம் ஆனது. 1911-உம் 1960-உம் கருவூலத் தேதியில் அமைந்திருக்க, இது அமையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 2 அன்று உகாதி; அதையடுத்த திங்கட்கிழமை காலை முகூர்த்தம் பார்த்துத் தொடங்கிவைத்தார்கள். நூறாண்டுக்கு மேல் நிதியாண்டு ஆண்ட இடத்தில் பஞ்சாங்கம் மூன்று நாள் தள்ளிக் கையெழுத்துப் போட்டது.

அந்தப் புதிய மாவட்டத்தில் நெல்லூரிலிருந்து சூளூர்ப்பேட்டை வந்து சேர்ந்ததால் ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்ட 1980 ஜூலை 18, சந்திரயான்-1 கிளம்பிய 2008 அக்டோபர் 22 ஆகியவை நெல்லூர் மாவட்ட நிகழ்ச்சிகள். சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14 திருப்பதி மாவட்ட நிகழ்ச்சி. ஏவுதளம் ஓரடி நகரவில்லை. ஏவுவதற்கு முன் விஞ்ஞானிகள் மாதிரி ராக்கெட்டோடு ஏழுமலையானைத் தரிசிக்க வருவது முன்பு மாவட்டம் கடந்த பயணம். இப்போது உள்ளூர்ப் போக்குவரத்து.

இந்த வட்டாரத்துக்கு ஒரு நாள்வரிசை தொகுப்பவருக்கு என் பரிந்துரை இதுதான். ஒவ்வொரு பதிவிலும் ஆங்கிலத் தேதியோடு மூல ஆவணம் எந்த முறையில் நாளைச் சொன்னது என்பதையும், அன்றைய மாவட்டத்தையும் இன்றைய மாவட்டத்தையும் எழுத வேண்டும். வரி நீளும், நாளிதழ்க் கட்டத்தில் அடங்காது. அடங்காவிட்டால் பதிவுகளைக் குறைத்துக்கொள்ளலாம். கோகோலும் பிஸ்மார்க்கும் வேறெங்காவது கிடைப்பார்கள்.

சிக்கலில்லாத பதிவும் ஒன்று உண்டு. 1919 பிப்ரவரி 28: மதனப்பள்ளி பிரம்மஞான சபைக் கல்லூரியில் தங்கியிருந்த ரவீந்திரநாத் தாகூர், 1911இல் கல்கத்தா காங்கிரஸில் முதலில் பாடப்பட்ட தம் வங்கப் பாடலை ஆங்கிலத்தில் எழுதி, ‘இந்தியாவின் காலைப் பாடல்’ என்ற பொருளில் தலைப்பிட்டார். கல்லூரி முதல்வர் அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ். அவர் மனைவி மார்கரெட் மேற்கத்திய இசை பயின்றவர். பாடலின் மெட்டை ஸ்வரப்படுத்தினார், மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1950 ஜனவரி 24 அன்று அந்தப் பாடல் நாட்டுப்பண் ஆனது. இங்கே நாள் கவியின் கையெழுத்துப் படியிலேயே இருக்கிறது. திதியிலிருந்து மாற்ற வேண்டியதில்லை, நள்ளிரவுத் தகராறு இல்லை. மாவட்டம் மட்டும் அன்று சித்தூர், 2022 ஏப்ரல் 4 முதல் அன்னமய்யா.